பெரியப்பாவின் 1961 மொறிஸ் மைனர் பிக்கப்: ஆறு இலட்சத்துக்குள் வீட்டிலேயே திருத்தலாமா?

ஏழாலைச் செம்மண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவில், கிணற்றடிக்குப் பக்கத்து மாமரத்தின் கீழ் பெரியப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப் நிற்கிறது. 1961 ஆம் ஆண்டு வண்டி, 948 சீசீ எஞ்சின், பழைய ஸ்ரீ எழுத்து நம்பர். சீஆர் புத்தகம் (வண்டியின் பதிவுச் சான்று) பெரியம்மாவின் பெயரில் ஒழுங்காக இருக்கிறது. பெரியப்பா இதில்தான் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றினார். 1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமமே எழும்பிப் போனபோது எங்கள் வீட்டிலிருந்து பதினொரு பேரும் ஓர் ஆட்டுக்கல்லும் சாவகச்சேரிக்குப் போனது இதில்தான். ஆட்டுக்கல் எதற்கு என்று இன்றுவரை ஒருவரும் பெரியம்மாவைக் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் இது மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றர் வாயில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவார், சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். நான் அப்போது சின்னப் பெடியன், பெற்றோல் போத்தல் பிடிக்கிறது என் வேலை.

2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 தரைப்பாதை மூடியதும் வண்டியைக் கொண்டுபோய் மரத்தடியில் விட்டார். பிறகு எடுக்கவே இல்லை. பெரியப்பாவும் இப்போது இல்லை.

நிலைமை இதுதான். கைப்பிடி போட்டுச் சுற்றினால் எஞ்சின் கால் சுற்றுக்கூட வரவில்லை. பிறேக் பெடல் தரை மட்டும் போகிறது. சாரதி பக்கத் தரையில் கால் வைத்தால் கீழே செம்மண் தெரிகிறது. பின்பெட்டித் தகரம் எப்போதோ போய், பெரியப்பா வேப்பம் பலகை அடித்திருக்கிறார். அந்தப் பலகை மட்டும் இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது. முன் மட்காட் இரண்டும் பரவாயில்லை. ரயர் நாலும் சப்பையாகி நிலத்தோடு ஒட்டிப்போய்விட்டன.

நான் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். ஸ்பானர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. சித்திரையில் சீட்டுக்காசு ஆறு இலட்சம் வருகிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை என்று மனைவி எழுதி ஃபிரிஜ்ஜில் ஒட்டிவிட்டா. ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவன் வேறு. போன வருடம் ஒரு கராஜில் காபரேற்றரையும் டைனமோவையும் திருத்தக் கொடுத்தேன். 45,000 வாங்கிக்கொண்டு வெள்ளிப் பெயின்ற் அடித்துத் திருப்பித் தந்தார்கள். உள்ளே திறக்கவே இல்லை. அதனால்தான் வீட்டிலேயே செய்வோம் என்று நிற்கிறேன்.

கேள்விகள்: எஞ்சினில் தொடங்குவதா, போடியில் தொடங்குவதா? தெரிந்த ஒருவர் படகுக்கு அடிக்கிற ஃபைபர் போட்டுத் தரையை 30,000க்கு மூடித்தருகிறேன் என்கிறார், விடலாமா? பெரியப்பா காலத்துப் பச்சை நிறத்தில் நாலு லீற்றர் பெயின்ற் வாங்கி வைத்துவிட்டேன், தகர வேலைக்கு முன்னால் உள்பக்கம் ஒருமுறை அடிக்கலாமா?


கொடிகாமம்72 எழுதியது:

இந்த எஞ்சினோடு மினைக்கெடாதீர்கள். பழைய டட்சன் சனியின் ஏ12 எஞ்சினும் கியர்பொக்ஸும் சேர்த்து எடுத்துப் போடுங்கள். 1200 சீசீ, அந்த இடத்துக்குள் அடங்கும், ஏத்தம் இழுக்கும், சாமானும் கிடைக்கும். என் மச்சான் மைனர் காருக்குப் போட்டு ஏழு வருடமாக ஓடுகிறார். ஒரு எஞ்சினை நோண்டி இரண்டு இலட்சம் கரைப்பதைவிட இது மேல்.


வல்வை ஸ்பானர் எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பெயின்ற் பேணியை எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடு. வாங்கமாட்டார்கள் என்றால் கேற்றுக்கு அடி. வண்டிக்குப் பெயின்ற் நினைக்கிற காலம் இது இல்லை.

நான் 41 வருடம் ஸ்பானர் பிடித்தவன். கடைசி எட்டு வருடமாக என் சொந்த மைனர் வானை வீட்டோடு இறக்கின பத்திக்குள் வைத்துத் திருத்தி இப்போது ஓடுகிறேன். எட்டு வருடம் பிடித்தது வேலையால் அல்ல, நான் பிழையான பக்கத்தில் தொடங்கியதால். எஞ்சினைத்தான் முதலில் செய்தேன். அது அழகாக ஓடியது. பிறேக் இல்லாத, தரை இல்லாத வண்டியில் அழகாக ஓடியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்ரார்ட் பண்ணிக் காட்டுவேன், அவ்வளவுதான். காசு முடிந்து மூன்று வருடம் தொடவில்லை. பிறகு எஞ்சின் திரும்பவும் இறுகிப்போனது.

சரி, உன் வண்டிக்கு வருவோம். மைனர் காருக்கும் பிக்கப்புக்கும் வித்தியாசம் என்னவென்று தெரிந்தால்தான் எங்கே பார்ப்பது என்று விளங்கும். காரில் போடிதான் சசி (அடிச்சட்டம்), தனியாக ஒன்றும் கிடையாது. 1953 இல் வானும் பிக்கப்பும் வந்தபோது கபினுக்குப் பின்னால் தனிச் சசி நீளம் கொடுத்தார்கள், ஏணி மாதிரி. அதனால் உன் பின்பெட்டி உக்கினது பெரிய விஷயமில்லை, வேப்பம் பலகையை விட்டுவிடு, பெரியப்பா புத்தியுள்ள மனிசன். ஆனால் கபின் தரையும் அதற்கு முன்னாலுள்ளதும் காரில் இருப்பதே. அங்கே தரை என்பது சும்மா கால் வைக்கிற தகடு இல்லை, வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிற எலும்பு. ஃபைபர் போட்டு மூடினால் எலும்பு உக்கியதைத் தோலால் மூடின மாதிரி. உள்ளே ஈரம் நிற்கும், கறள் இன்னும் வேகமாகத் தின்னும், நீ மேலே இருந்து பார்த்து நல்லாயிருக்கு என்பாய். எங்கள் பக்கத்தில் ஃபைபர் அடிக்கிறவர்கள் நல்ல வேலைக்காரர். படகுக்கு.

பழைய ஸ்குறூ றைவர் ஒன்றும் சின்னச் சுத்தியலும் எடு. வண்டியை ஜக்கில் தூக்கி, பனங்குத்தி நாலு வைத்துத் தாங்கவிட்டு (ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதே, கல்லடுக்கும் வேண்டாம், வெடிக்கும்), கீழே படுத்துக்கொண்டு தட்டிக்கொண்டு போ. நல்ல இரும்பு மணி மாதிரிக் கேட்கும், உக்கினது பொத்தென்று கேட்கும். சாரதி பக்கச் சசிக்கால் (தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடுகிற சட்டம்), ரோர்ஷன் பாரின் (முன்சில்லுக்கு வில்லாக இருக்கிற முறுக்குக் கம்பி) பின்முனை வந்து சேருகிற குறுக்குச் சட்டம், பின் இலைவில்லின் முன்பிடி பின்பிடி. இந்த இடங்களில் றைவர் உள்ளே போனால் அங்கேதான் உன் முதல் காசு. 18 கேஜ் தகடு தரைக்குப் போதும், சசிக்காலுக்கு அதைவிடத் தடிப்பு வேண்டும். கூலிக்கு வெல்டரைக் கூப்பிட்டால் மிக் வெல்டிங் உள்ளவரைக் கூப்பிடு. குச்சி வெல்டிங்கில் அந்த மெல்லிய தகட்டுக்கு ஓட்டை போடத்தான் முடியும். தகடு வெட்டுவது, கறள் சுரண்டுவது, அளவெடுத்து மட்டை வெட்டி வைப்பது எல்லாம் நீ முன்கூட்டியே செய்துவைத்தால் ஆளுக்கு மூன்று நாள் கூலியோடு முடியும். ஒன்றும் செய்யாமல் கூப்பிட்டால் பத்து நாள் தேத்தண்ணி ஊத்துவாய். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் ஒருவரையும் வெல்டிங் பண்ண விடாதே. இருபது வருடம் வெறுமையாக இருந்தது என்றாலும் விடாதே, முதலில் கழற்றி வளவின் மற்ற மூலையில் வை.

அடுத்தது ட்ரனியன். இதைத்தான் நான் எல்லோருக்கும் விசரன் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மைனரின் முன்சில்லு மேலும் கீழும் இரண்டு புரியில் தொங்குகிறது. ஸ்ரியறிங் திருப்ப அந்தப் புரியில்தான் சில்லு ஏறி இறங்கிச் சுழலும். ஒரு பக்கம் வலப்புரி, மற்றப் பக்கம் இடப்புரி. கிறீஸ் போகாவிட்டால் புரி தேயும். தேய்ந்தால் ஒருநாள் கழன்று சில்லு மட்காட்டுக்குள் மடிந்து படுத்துவிடும். எனக்கு நடந்தது நெல்லியடிச் சந்தியில், மெதுவாகத் திரும்பும்போது. பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் மடியும், அது இந்த வண்டி மனிதருக்குச் செய்கிற தயவு. பின்னால் வந்த மினிபஸ் றைவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. முன்சில்லை ஜக்கில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் யோசிக்காமல் மாற்று. ஆட்டம் இல்லாவிட்டாலும் கழற்றிப் பார், இருபது வருடக் கறள் ஆட்டத்தை மறைக்கும். கழற்றுமுன் சில்லைப் பிடித்திருக்கிற கீழ்ச்சட்டத்தின் அடியில் இன்னொரு ஜக் கொடு. ரோர்ஷன் பார் முறுக்கேறி நிற்கிறது, விட்டால் கையை எடுத்துக்கொண்டு போகும். இரண்டு பாரையும் வலம் இடம் மாற்றிப் போடாதே, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து முறுக்குக்குப் பழகினது. பிறகு நான் செய்கிற மாதிரி ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடி.

பிறேக். மாஸ்ரர் சிலிண்டரை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால் இந்த வண்டியை வடிவமைத்த இசிகோனிஸ் என்ற அந்தப் பெரிய மூளைசாலி மேல் உனக்குக் கோபம் வரும். உன் காலுக்குக் கீழே, சசிக்காலுக்குள். எண்ணெய் ஊற்றுகிற மூடி தரையில் சின்னத் தகட்டுக்கு அடியில் இருக்கும். கழற்றும்போது ரோர்ஷன் பார் குறுக்கே நிற்பதால் போல்ற் முழுவதும் வெளியே வராது. பாரை இறக்கினால்தான் வரும். அதனால் ட்ரனியனையும் மாஸ்ரர் சிலிண்டரையும் ஒரே தடவையில் செய். திருப்பிப் பூட்டும்போது போல்ற்றைத் தலைகீழாகப் போடு. அடுத்த முறை கழற்றப்போகிறவன் உன்னை வாழ்த்துவான், அது நீயாகவும் இருக்கலாம். நாலு சில்லுக்கும் வீல் சிலிண்டர், ரப்பர் குழாய் எல்லாம் புதுசு. பழைய பிறேக் சூவின் தூசை ஊதாதே, அஸ்பெஸ்ரஸ். ஈரத் துணியால் துடை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எஞ்சின். ஆனால் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஒவ்வொரு துளையிலும் அரைக் கோப்பை விடு. தினமும் கொஞ்சம் விடு. அவசரப்பட்டுக் கைப்பிடியில் தொங்காதே. ஒரு கிழமைக்குப் பிறகு நாலாம் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டு. மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சின் என்பதால் சம்பையும் (அடியிலுள்ள எண்ணெய்த் தட்டு) கழற்றத்தான் வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் பக்கத்தால் இறங்கி எண்ணெயைத் தண்ணியாக்கும், பெயாரிங் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் ஓட்டக்கூடாது. சிலபேர் அமுக்கம் குறைக்க ஹெட்டுக்கு இரண்டு கஸ்கற் போட்டிருப்பார்கள். பெரியப்பாவும் போட்டிருந்தால் ஒன்றை எடு.

வயரிங்: துணி சுற்றின வயர் எலிக்கு விருந்து, முழுவதும் மாற்று. பற்றறியின் பிளஸ்தான் போடிக்கு, மறந்து மாற்றிக் கொடுத்துவிடாதே.

காசு: தகட்டுக்கும் வெல்டிங்குக்கும் இரண்டு, முன்பக்கமும் பிறேக்கும் ஒன்று, எஞ்சினுக்கு ஒன்றேகால், ரயர் பற்றறிக்கு முக்கால். மிச்சம் ஒன்றைப் பெரியம்மாவிடம் கொடுத்து வை. அது எப்படியும் தேவைப்படும். 14 அங்குல றிம்முக்கு 155 ரயர் ஏறும்.

கொடிகாமம் தம்பிக்கு: ஏ12 நல்ல எஞ்சின், மறுப்பில்லை. ஆனால் எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், சீஆர் பெரியம்மாவின் பெயரில் இருக்கிறது, அவவை அலைக்கழிக்கிறதா? அதோடு எஞ்சின் பெலம் கூடினால் பிறேக்கும் கூட்ட வேண்டும், அந்தக் காசை நீங்கள் கணக்கில் விட்டுவிட்டீர்கள்.


ஏழாலைச் செம்மண் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பெயின்ற்காரர் திருப்பி வாங்கவில்லை. கேற் இப்போது பச்சை.

நேற்றுக் கீழே படுத்துத் தட்டினேன். சாரதி பக்கச் சசிக்காலில் றைவர் பிடி மட்டும் உள்ளே போனது. குறுக்குச் சட்டம் ஒரு பக்கம் மணி, மறுபக்கம் பொத். பின் சசி நீளம் முழுக்க மணிதான், இருபது வருடத்துக்கு முன் பெரியப்பா ஊற்றின பழைய எஞ்சின் எண்ணெய் இன்னும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கறள் எடுக்க ஒரு யோசனை. ஆய்வுகூடத்தில் செய்கிற மின்பகுப்புத்தானே? பிளாஸ்ரிக் பீப்பாயில் சலவைச் சோடாக் கரைசல், பற்றறி சார்ஜரின் மைனஸில் கறள் பிடித்த சாமான், பிளஸில் பழைய இரும்புத் துண்டு. பிறேக் டிறம்மில் செய்து பார்த்தேன், ஓர் இரவில் கறள் கறுப்புச் சேறாகக் கழன்றது. வாசிக்கிறவர்களுக்கு: பிளஸில் எவர்சில்வர் போடாதீர்கள், நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். உப்பும் போடாதீர்கள், குளோரின் வரும். ஐதரசன் எழும்பும், வெளியே காற்றுப்படும் இடத்தில் வையுங்கள், பக்கத்தில் சுருட்டுப் பத்தக்கூடாது. (மாமாவுக்கு இதை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.) சின்ன நட் போல்ற்றுக்குப் புளித்த பனங்கள்ளு வினாகிரி போதும், இரண்டு நாளில் கழுவி எடுக்கலாம். ரோர்ஷன் பாரையும் இந்தப் பீப்பாய்க்குள் விடலாமா?


வல்வை ஸ்பானர் எழுதியது:

விடாதே! வில்லு, ரோர்ஷன் பார், முறுக்கேறுகிற எந்த உருக்கையும் அந்தப் பீப்பாய்க்குள்ளும் விடாதே, வினாகிரிக்குள்ளும் விடாதே. ஐதரசன் உருக்குக்குள் இறங்கி அதை நொறுங்கப் பண்ணும் என்று நீதானே எனக்குச் சொல்லித்தர வேண்டும். கம்பித் தூரிகையால் தேய், எண்ணெய் பூசு, போதும்.


ஈஸ்ற்ஹாம் பெடியன் எழுதியது:

லண்டனிலிருந்து. எனக்கு இங்கே ஒரு 1967 மைனர் கார் இருக்கிறது, 1098 சீசீ. தனியாக ஒன்று சொல்ல வந்தேன்.

சாமான் எல்லாம் இங்கே புதிதாகவே கிடைக்கிறது, பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற வண்டியல்லவா. ஆனால் எல்லாவற்றையும் இங்கிருந்து எடுக்க நினைக்காதீர்கள். ஆடிக்கு ஊருக்கு வரும் யாரிடமாவது சின்னச் சாமான் கொடுத்துவிடலாம்: ட்ரனியன் செற், மாஸ்ரர் சிலிண்டர் ரப்பர், வீல் சிலிண்டர், பொயின்ற், கஸ்கற் செற், காபரேற்றர் செற், பெற்றோல் பம்பின் டயஃப்ரம். ஒரு சூட்கேஸில் பாதிக்கும் குறைவு. தகடு மட்டும் ஊரிலேயே வெட்டுங்கள், விமானத்தில் தகடு ஏற்றுவது விசர் வேலை. இதில் ஒரு வேடிக்கை: தொண்ணூறுகளில் பாத் நகரத்து மைனர்காரர் சார்ள்ஸ் வெயர், இலங்கையின் தெற்கில் ஆள் பிடித்து மைனருக்குத் தகடு அடிப்பித்து இங்கிலாந்துக்கு இறக்கினார். அதே காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பற்றறி போகத் தடை.

சாமான் தேடும்போது ஒரு கவனம். உங்கள் எஞ்சின் ஏ சீரிஸ். பழைய மினி, ஒஸ்ரின் ஏ35 இரண்டிலும் அதே குடும்பம்தான், பொயின்ற் மாதிரிச் சின்னச் சாமான் பல ஒத்துப்போகும். ஊரில் எல்லோரும் "ஏ போட்டி" என்று கும்பிடுகிற ஒஸ்ரின் ஏ40 சொமர்செற்றின் எஞ்சின் வேறு, 1200 சீசீ. பெயரில் ஏ இருக்கிறதென்று வாங்கி ஏமாறாதீர்கள், நான் ஏமாந்திருக்கிறேன்.

அதோடு இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோல் காலத்தது. இப்போதைய பெற்றோலில் எக்சோஸ்ற் வால்வின் இருக்கை மெல்ல மெல்லத் தேயும். சந்தைக்குப் போய்வருகிற ஓட்டத்துக்கு உடனே ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை. வால்வ் இடைவெளியை 12 தௌவில் (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். இடைவெளி குறைந்துகொண்டே போனால் இருக்கை தேய்கிறது, அப்போது ஹெட்டைக் கொடுத்துக் கடின இருக்கை அடிப்பியுங்கள்.

வல்வை ஐயா, வணக்கம். அந்த நெல்லியடி மினிபஸ்ஸில் நான் இருந்திருக்கக்கூடும்.


ஏழாலைச் செம்மண் எழுதியது:

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

வெல்டர் நாலு நாள் வந்தார். மட்டை எல்லாம் வெட்டி வைத்திருந்தேன், முதல்நாள் வந்து பார்த்துவிட்டு "ரீச்சரோ?" என்று கேட்டார். சசிக்கால், குறுக்குச் சட்டம், இரண்டு பக்கத் தரை: தகட்டோடும் கூலியோடும் 1,62,000. இடப்பக்க ட்ரனியனைக் கழற்றினால் புரி என்று ஒன்றுமே இல்லை, கறளும் பழைய கிறீஸுமாகத்தான் சில்லைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்த நிலைமையில் அதில் பதினொரு பேர் போயிருக்கிறோமோ என்று நினைத்து ஒரு நாள் சாப்பிடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் புதுசு வந்துவிட்டது, ஈஸ்ற்ஹாம் அண்ணைக்குத்தான் நன்றி.

எஞ்சின் ஒன்பதாம் நாள் அசைந்தது. ஹெட்டில் இரண்டு கஸ்கற்தான் இருந்தது, ஐயா சொன்ன மாதிரியே. சம்பைக் கழற்றிப் பார்த்தேன், பெயாரிங் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும் என்று சுன்னாகத்தில் ஒரு பழைய மெக்கானிக் சொன்னார்.

நேற்றுப் பின்னேரம் பம்ப் டயஃப்ரம் மாற்றி, போத்தலில் பெற்றோல் கட்டி, பற்றறி கொடுத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினேன். டிக் டிக் டிக் என்று தொடங்கி, வேகமாக அடித்து, பிறகு மெல்ல மெல்ல நின்றது. குசினிக்குள் இருந்து பெரியம்மா சொன்னா: "நிரம்பிட்டுது. இனிச் சுத்தலாம்."

சுற்றினேன். மூன்றாம் சுற்றில் பிடித்தது. அரை நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டினேன். வீட்டு வாசல் முழுக்கப் புகை. இன்றைக்கும் பெரியம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறா, ஒன்றும் சொல்லவில்லை.


வல்வை ஸ்பானர் எழுதியது:

நல்லது. பிறேக் பெடல் எப்படி?


ஏழாலைச் செம்மண் எழுதியது:

தரை மட்டும் போகிறது, ஐயா. இப்போது போக ஒரு தரையாவது இருக்கிறது. சனிக்கிழமை மாஸ்ரர் சிலிண்டரில் கை வைக்கிறேன்.